சொரிமுத்து டாட் காம்

திங்கட்கிழமை காலை நாகேஸ்வரன் படியேறி வரும்போதே உள்ளே டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. பூட்டைத் திறப்பதற்குள் நின்றது. பையை மேசையில் வைத்ததும் மறுபடி அடித்தது. அவர் மின்விசிறியைப் போட்டார். ஜன்னலைத் திறந்தார். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் உள்ளே வந்தது. பம்பைக்குப் போகும் பஸ்ஸின் நம்பரை யாரோ ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டிருந்தார். கீழே கறுப்பு வேட்டிகள் வரிசையாக நின்றன. பிறகுதான் டெலிபோனை எடுத்தார்.

"மெயில் வரல்ல சாரே," என்றார் ஒரு ஹோட்டல்காரர். "மூணு நாளாச்சு. ஒய்டூகே ஆணோ?"

"பார்க்கறேன்," என்றார் நாகேஸ்வரன்.

பதினொரு மணிக்குள் ஒன்பது பேர், ஒய்டூகேதானா என்று அதையே கேட்டார்கள். அவரும் அதையே சொன்னார்.

இரண்டாயிரமாவது வருஷத்தின் மூன்றாம் நாள் அது. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் அவர் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்திருந்தார். கணினி நிரல்களில் வருஷத்தை இரண்டு இலக்கமாக எழுதியிருக்கும் இடங்களைத் தேடித் திருத்துவது. தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு பூஜ்யம் பூஜ்யம் வரும், அதை இயந்திரம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எடுத்துக்கொள்ளும், உலகம் நின்றுவிடும், அதுதான் ஒய்டூகே என்று பத்திரிகைகள் எழுதின. அரசுக் கழகம் ஒன்றில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தவருக்கு, நாற்பத்தேழு வயதில், அந்தப் பயம் ஒரு வேலையைக் கொடுத்தது. உலகம் நிற்கவில்லை. சனிக்கிழமை வழக்கம்போலப் பால் வந்தது. வலியசாலை அக்கிரகாரத்தில் எதிர்வீட்டுக்காரர், "ரெண்டு வருஷம் எதுக்காக்கும் கண்ணைக் கெடுத்துண்டே?" என்று கேட்டார். நாகேஸ்வரன் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது கோளாறு வந்திருந்தது. அவர் திருத்திய இடத்தில் இல்லை. அமெரிக்காவில்.

அவர் வேலை பார்த்த நிறுவனம் லிபின் என்ற இளைஞனுடையது. லாட்ஜ் ஒன்றின் இரண்டாவது மாடியில் மூன்று கணினி, ஒரு ஃபேக்ஸ், ஒரே ஒரு டெலிபோன் லைன். கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் இணையத்தில் பெயர் வாங்கித் தருவது தொழில். வாடிக்கையாளர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார். நாகேஸ்வரன் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வார். அவர் எழுதிய நிரல் அவற்றைப் பட்டியலாக்கி அமெரிக்க ஏஜென்சி ஒன்றுக்கு அனுப்பும். ஏஜென்சியின் பதிவில் இருக்கும்வரை பெயர் உங்களுடையது. அந்தப் பெயருக்கு வரும் கடிதமெல்லாம் உங்களுக்கு வரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் எடுத்துவிடுவார்கள். பிறகு யார் முதலில் கேட்கிறாரோ அவருக்கு.

பதினொன்றரைக்கு உலகம்மாள் நேரிலேயே வந்தாள். ஆரியசாலையில் மருந்துச் சரக்கு மொத்தக் கடை வைத்திருப்பவள். ஐம்பத்தெட்டு வயது. இரண்டு மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. சுக்கும் திப்பிலியும் கலந்த வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது.

"சாமி, நம்ம கம்ப்யூட்டரு செத்துப்போச்சா, இல்ல அமெரிக்காவே செத்துப்போச்சா?"

"உக்காருங்கோம்மா."

"உக்காருதது இருக்கட்டும். சனிக்கிழமையிலருந்து ஒரு மெயிலும் இல்ல. ஜெர்மன்காரன் கிறிஸ்மஸ் கழிஞ்சு எழுதுதேன்னு சொல்லிருக்கான். ஆறு மாசச் சரக்கு கேட்டு எழுதுவான். அவனுக்கு என் முகம் தெரியாது. கடை தெரியாது. அந்தப் பேரு மட்டுந்தான் தெரியும்."

அந்தப் பெயர் சொரிமுத்து டாட் காம். சொரிமுத்து அவளுடைய மாமனார். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து ஆரியசாலையில் கடை போட்டவர். கணவன் இறந்த வருஷமே கொழுந்தன் சங்கரநயினார் பாகம் பிரித்துக்கொண்டு எதிர்வரிசையில் கடை திறந்தான். அதே பெயர், அதே எழுத்து, அதே பச்சைப் பலகை. வழக்கு நடக்கிறது. இப்போது ஆரியசாலையில் போய்ச் சொரிமுத்து கடை எது என்று கேட்டால், சுமை தூக்குகிறவர்கள், "எந்தச் சொரிமுத்து?" என்று திருப்பிக் கேட்பார்கள். இணையத்தில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான் என்று லிபின் சொன்ன அன்றைக்கே அவள் வந்து கையெழுத்துப் போட்டாள். கோர்ட்டில் ஐந்து வருஷமாகத் தீராதது ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

லிபின் உள்ளறையிலிருந்து வந்தான். நெய்யாற்றின்கரைக்காரன். முப்பத்தொரு வயது. எதற்கும் முதலில் சிரித்துவிடுவான்.

"அக்கா, ஒண்ணும் பேடிக்கண்டா, பயப்படாதீங்க. எல்லாருக்கும் இதுதான். ஒய்டூகே. அமெரிக்காவில கம்ப்யூட்டர் ஆயிரத்தித் தொள்ளாயிரம்னு காட்டுது. அவங்களே செரியாக்கித் தருவாங்க."

"நாம ஒண்ணும் செய்யாண்டாமா?"

"ஒண்ணும் செய்யண்டாம். சாரு பாத்துக்குவாரு. அல்லே சாரே?"

நாகேஸ்வரன் தலையசைத்தார். அப்போது அவரும் அதைத்தான் நம்பினார்.

உலகம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எம் பேரு நூறு வருஷம் பின்னால போயிட்டுத் திரும்பி வருது. வார வழியில எவனும் பிடிச்சு வச்சுக்கிடாம இருந்தாச் சரி," என்றாள். போகும்போது மேசையில் ஒரு காகிதப் பொட்டலம் வைத்தாள். "சித்தரத்தை. ஒமக்குத் தொண்டை கட்டியிருக்கு. வாயில அடக்கிக்கிடும்."

செவ்வாய்க்கிழமை ஏஜென்சியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. புது வருஷத்துக்கென்று போட்ட புது மென்பொருள், பல பெயர்களின் காலாவதித் தேதியை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று படித்து நிறுத்திவிட்டது. வருந்துகிறோம். அந்த வருஷம் காட்டும் பெயர்கள் அனைத்தும் இன்றே மீட்கப்படும். மதியத்துக்குள் மீட்டுவிட்டார்கள். லிபினின் வாடிக்கையாளர்களில் இருபத்துமூன்று பேருக்குப் பெயர் நின்றுபோயிருந்தது. இருபத்திரண்டு திரும்பி வந்தது.

நாகேஸ்வரன் இருபத்துமூன்றாவதைத் தேடினார். பதிவு இருந்தது. பெயர், சொரிமுத்து. காலாவதி, 1977 ஏப்ரல் 9. நிலை, விடுவிக்கப்படும். விடுவிக்கும் நாள், வெள்ளிக்கிழமை பிறக்கும் நள்ளிரவு. அவர்களுடைய நள்ளிரவு. திருவனந்தபுரத்தில் அது காலை பத்தரை.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் இல்லை. எழுபத்தேழு. அந்த வருஷம் இப்படிப்பட்ட பெயர்களே பிறக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எழுபத்தேழுதான்.

படிவங்கள் அலமாரியில் இருந்தன. நவம்பர் மாதக் கட்டில் உலகம்மாளின் புதுப்பிப்புப் படிவம். கீழே அவள் கையெழுத்து, தமிழில், கோணலாக. மேலே கடைக் குமாஸ்தாவின் எழுத்து, அச்சுக் கோத்த மாதிரி. தேதி என்ற இடத்தில் 9-4-75.

அவருக்கு அது தவறாகத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு பார்க்கும்போதும் தவறாகத் தெரியவில்லை. அதுதான் விஷயம். விருச்சிகம் ஒன்பது, ஆயிரத்து நூற்று எழுபத்தைந்து. இங்கே புழங்கும் கொல்லம் வருஷம் சிங்க மாசத்தில், அதாவது ஆவணியில், பிறக்கிறது. விருச்சிகம் நாலாவது மாசம். இங்கிலீஷ் கணக்கில் நவம்பர் இருபத்தைந்து. அக்கிரகாரத்தில் எல்லாருக்கும் இது எழுபத்தைந்தாம் வருஷம்தான். கோயில் ரசீதில் அப்படி. கல்யாணப் பத்திரிகையில் அப்படி. சிராத்தத்துக்கு நாள் குறித்த துண்டுத் தாளில், ஆரியசாலை மூட்டைகளில் கட்டிவிடும் சீட்டில் அப்படி. குமாஸ்தா நாற்பது வருஷமாக எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறார். நாகேஸ்வரன் நாற்பது வருஷமாகப் படிக்கிற மாதிரி படித்திருக்கிறார். லிபின் தட்டச்சு செய்திருந்தால் நின்று கேட்டிருப்பான். அவருடைய விரல் நிற்கவில்லை.

மீதியை அவர் எழுதிய நிரல் செய்திருந்தது. இரண்டு இலக்கம் ஐம்பதுக்குக் கீழே இருந்தால் முன்னால் இருபதைச் சேர், மேலே இருந்தால் பத்தொன்பதைச் சேர். தொழிலில் எல்லாரும் அப்படித்தான் திருத்தினார்கள். அது எழுபத்தைந்துக்கு முன்னால் பத்தொன்பதைச் சேர்த்து, இரண்டு வருஷம் கூட்டி, அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது. ஏஜென்சியின் பழைய மென்பொருள் அதை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. புதியது வந்ததும் கண்டுபிடித்துவிட்டது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

இரண்டு வருஷமாக அவர் பூஜ்யத்தையே தேடிக்கொண்டிருந்தார்.

லிபினிடம் படிவத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்.

"இது எந்தா தேதி?" என்றான் லிபின்.

"கொல்லம் வருஷம்."

"அடிச்சது?"

"நான்தான்."

லிபின் எழுந்து அறைக் கதவைச் சாத்தினான். "சாரே, இதை அலமாரியில வச்சிட்டுப் போய்ச் சாயா குடிங்க."

"வெள்ளிக்கிழமை அந்த அம்மா பேர் போயிடும்."

"போனா ஒய்டூகேயில போச்சு. இந்த வாரம் எது போனாலும் ஒய்டூகேதான். எங்க வீட்டுல மிக்ஸி ஓடல்ல, எம் பெண்டாட்டி ஷெமி ஒய்டூகேங்கா. இந்த ஒரு வாரத்தை விட்டா இப்படி ஒரு சமாதானம் இனி நூறு வருஷத்துக்குக் கிடைக்காது."

"ஏஜென்சிக்கு எழுதிப் பார்க்கறேன்."

"எழுதுங்க. எழுதினா தப்பில்ல. அக்காகிட்ட மட்டும் ஒண்ணும் பறையண்டாம்."

அவர் எழுதினார். படிவத்தை ஃபேக்ஸில் அனுப்பி, இங்கே இன்னொரு வருஷமும் நடக்கிறது என்று விளக்கினார். இங்கிலீஷில் எழுதியபோது அது அவருக்கே நம்பும்படி இல்லை.

புதன்கிழமை காலை பதில் இருந்தது. அப்படி ஒரு வருஷம் நடப்பதற்கு ஆதாரம் அனுப்பவும்.

போன வாரம் வரை ஆதாரம் எல்லாச் சுவரிலும் தொங்கியது. தேதித் தாளில் மேலே இங்கிலீஷ் நாள், கீழே கொல்லம் நாள். ஆனால் புது வருஷம் பிறந்ததும் பழைய காலண்டரை எல்லாரும் கழற்றிவிட்டார்கள். அலுவலகக் காலண்டரின் நவம்பர் மாதத் தாளில் லிபின் பப்படவடை வைத்துத் தின்றிருந்தான். நாகேஸ்வரன் பழவங்காடிக்கு நடந்தார். கணபதி கோயில் வாசலில் தேங்காய் விழுந்துகொண்டே இருந்தது. மலைக்குப் போகிறவர்கள் ஆளுக்குப் பத்து, பதினைந்து என்று உடைத்தார்கள். சில்லு ஒன்று அவர் செருப்பில் வந்து தெறித்தது. பக்கத்துக் கடையில் பஞ்சாங்கம் கேட்டார்.

"வருஷம் பாதி கழிஞ்சாச்சு, இப்பத்தான் வாங்குதீரா சாமி?" என்றான் கடைக்காரன்.

"போன மாசத் தேதி ஒண்ணு வேணும்."

"எல்லாரும் வரப்போறதைப் பாக்கத்தான் வாங்குவா. நீரு வந்துபோனதைப் பாக்க வாங்குதீரு."

விருச்சிகம் ஒன்பது என்ற வரியை அவர் சிவப்பு மையால் சுற்றினார். பக்கத்தில் இங்கிலீஷில் எழுதினார். பஞ்சாங்கத் தாள் மெல்லியதாக இருந்ததால் ஃபேக்ஸ் அதைச் சுருட்டிக் கசக்கியது. கீழே போய் ஜெராக்ஸ் எடுத்து வந்து அனுப்பினார்.

வியாழக்கிழமை பதில் வந்தது. தாங்கள் அனுப்பிய தாள் எங்களால் படிக்க இயலாத மொழியில் உள்ளது. அரசு முத்திரையிட்ட மொழிபெயர்ப்பு கிடைத்ததும் பரிசீலிக்கப்படும். அதற்கிடையே பெயர் திட்டமிட்டபடி விடுவிக்கப்படும்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கழகத்தில் இருபத்துநான்கு வருஷம் அவரும் இதே மாதிரி பதில்களைத்தான் எழுதியிருந்தார். இதைவிட நன்றாகக்கூட எழுதியிருந்தார்.

எழுந்து ஃபேக்ஸ் பக்கம் போனபோது தட்டில் ஒரு படிவம் கிடந்தது. கேட்கும் பெயர், சொரிமுத்து டாட் காம். கேட்பவர், சங்கரநயினார், ஆரியசாலை. ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தது. வெள்ளி பகல் 12 மணிக்கு மேல் பதியவும். 10.30 முதல் 12 ராகுகாலம்.

"மகன் பாத்தானாம்," என்றான் லிபின். எப்போது வந்து நின்றான் என்று தெரியவில்லை. "பேரு நாளைக்குக் காலியாவுதுன்னு. கம்ப்யூட்டர் படிக்கிற பையன். விளிச்சான். நான் என்ன செய்ய? அனுப்புங்கன்னேன்."

"அந்த அம்மா நம்ம கஸ்டமர்."

"இவரும் இனி கஸ்டமர்தானே. ஆரு முதல்ல எழுதித் தராங்களோ அவங்களுக்கு. அதுதான் நம்ம ரூல்."

"அந்த அம்மா எப்படி எழுதித் தருவா? ஒண்ணும் செய்ய வேண்டாம்னு நாமதான் சொல்லியிருக்கோம். சும்மா உக்காந்திருக்கா. நாம சொன்னதை நம்பி."

லிபின் ஃபேக்ஸ் மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"நான் போய்ச் சொல்லப்போறேன்," என்றார் நாகேஸ்வரன்.

"என்னன்னு?"

"ஒய்டூகே இல்லை, நான்தான் தப்பா அடிச்சேன்னு."

"சாரே, அவங்க வாய் தெரியும்லா? ராத்திரிக்குள்ள ஆரியசாலை பூரா அறியும். அங்க நமக்கு முப்பது கஸ்டமர் உண்டு. பின்ன நான் சாரை எப்படி இங்க இருத்துவேன்?"

மிரட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே கேட்டான். அவனும் நாலு நாளாக டெலிபோனில் பேசிப் பேசிக் களைத்திருந்தான்.

"தெரியறது," என்று சொல்லிவிட்டு நாகேஸ்வரன் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

வெயிலில் நடந்தார். வலியசாலை முக்கில் திரும்பினால் வீடு. மனைவி பாகீரதி மோர் கரைத்து வைத்திருப்பாள். குடித்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்வரை யாரும் எழுப்பமாட்டார்கள். நாளைக்குப் பேர் போய்விடும். ஒய்டூகே என்பாள் உலகம்மாள். அவள் சாகும்வரை அப்படித்தான் நம்புவாள். அவர் முக்கில் கொஞ்சம் நின்றார். ஆட்டோக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான். நேரே நடந்தார்.

கடை வாசலில் கடுக்காய் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் உள்ளே மர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பிடி திப்பிலியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சாய்மேசையில் குமாஸ்தா.

"வாங்க சாமி. அமெரிக்கா பொழச்சிட்டா?"

"அமெரிக்கா எப்பவோ பொழச்சுடுத்தும்மா. இது அவா தப்பு இல்லை. என் தப்பு."

நின்றுகொண்டே சொன்னார். படிவத்தை எடுத்துக் காட்டினார். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஒம்பது நாலு எழுவத்தஞ்சு. சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு," என்றார் நாகேஸ்வரன். "எனக்கும் சரியாத்தான் இருந்தது. அதான் அப்படியே அடிச்சுட்டேன். நான் எழுதின புரோகிராம் அதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சுன்னு எடுத்துண்டு அமெரிக்காவுக்கு அனுப்பிடுத்து."

உலகம்மாள் திப்பிலியைத் தட்டில் போட்டாள். கையைத் தட்டிக்கொண்டாள்.

"திங்கக்கிழமை ஒய்டூகேன்னீரு."

"அன்னிக்கு எனக்குத் தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னைக்கு வியாழன்."

"ஆமாம்."

"ரெண்டு நாளு இதை உள்ள வச்சுக்கிட்டு, எங் கடைச் சித்தரத்தையச் சப்பிக்கிட்டு இருந்தீராக்கும்."

மூட்டை இறக்குகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்கள். உலகம்மாள் அவர்களைப் பார்த்ததும் மறுபடி தூக்கினார்கள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் நாகேஸ்வரன். "எதிர்க்கடையிலருந்து படிவம் வந்திருக்கு. நாளைக்குப் பத்தரைக்குப் பேர் காலியாகும். அதைத் தனக்குக் கேட்டிருக்கார்."

உலகம்மாள் தெருவுக்கு அப்பால் பார்த்தாள். பச்சைப் பலகையில் மாமனாரின் பெயர் இருந்தது. அவளுடைய பலகையிலும் அதேதான் இருந்தது. இங்கிருந்து பார்த்தால் அது மட்டும்தான் தெரிந்தது.

"ஒரு இடத்துலயாவது அந்தப் பேரு எனக்கு மட்டும்னு இருந்தேன்," என்றாள். பிறகு, "பத்தரைக்கே கேட்டிருக்கானா?"

"பன்னெண்டுக்கு மேல. பத்தரையிலருந்து ராகுகாலம்."

"அது வேறயா. மாமனாரு ராகுகாலத்துல மூட்டை வாயக்கூட அவுக்க மாட்டாரு. அந்தப் புத்தி மட்டும் அவனுக்கு அப்படியே வந்திருக்கு." அவள் எழுந்தாள். "அப்ப நான் பத்தரைக்குக் கேட்டா?"

"உங்களுக்குத்தான். வேற எவனும் அதுக்குள்ள கேக்காம இருக்கணும்."

"அம்மா," என்றார் குமாஸ்தா. "வெள்ளிக்கிழமை ராகுகாலம். புதுசா ஒரு காரியம். வேண்டாம்மா."

"நீரு சும்மா இரும். நீரு நல்ல நேரத்துல எழுதின தேதிதான் இப்ப என்னைய இங்க நிறுத்தியிருக்கு." நாகேஸ்வரன் பக்கம் திரும்பினாள். "அந்த லிபினு ஒம்மை வேலைய விட்டு எடுப்பானா?"

"எடுக்கலாம்."

"எடுத்தா இங்க வரண்டாம். இங்க ஏற்கெனவே ஒருத்தரு தேதி எழுத இருக்காரு," என்றாள். சிரிக்கவில்லை. "பத்து மணிக்கு வாரேன்."

வெள்ளிக்கிழமை பத்துக்கே வந்தாள். லிபின் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன தம்பி, இன்னைக்கும் ஒண்ணும் பேடிக்கண்டாமா?"

"அக்கா, நான் சொல்ல வந்தது..."

"சாயா சொல்லு. ரெண்டு."

படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். நேரம் என்ற இடத்தில் பத்து பத்து என்று எழுதினாள். லிபின் அதை வாங்கிப் பார்த்தான். சங்கரநயினாரின் படிவத்தையும் பார்த்தான்.

"அவரு சொன்னது பன்னெண்டு மணி," என்றான் யாரிடமோ சொல்வதுபோல. "பன்னெண்டுக்கு அவருதும் போடுவேன். சொன்ன நேரத்துக்குப் போடாண்டாமா?"

பத்தரைக்கு நாகேஸ்வரன் லைனைப் பிடித்தார். மோடம் கிறீச்சிட்டு நின்றது. மறுபடி போட்டார். மறுபடி நின்றது. நாலாவது தடவை கிடைத்தது. பெயர் அப்படியே இருந்தது. 1977 ஏப்ரல் 9. இன்னும் விடுவிக்கவில்லை. பத்து நாற்பதுக்கு மறுபடி பார்க்கப்போனபோது இணைப்பு அறுந்தது. கீழே லாட்ஜ் வரவேற்பில் இருந்தவன் அதே லைனில் இருந்த பேரலல் போனை எடுத்துவிட்டிருந்தான். லிபின் படியில் ஓடினான். அவன் கீழே மலையாளத்தில் கத்துவது மேலே கேட்டது.

"ராகு வேலையைக் காட்டுதான்," என்றாள் உலகம்மாள். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சாயா ஆடைகட்டிக் கிடந்தது.

பத்து ஐம்பத்திரண்டுக்கு லைன் கிடைத்தது. பெயர் இல்லை. அப்படி ஒன்று பதிவில் இல்லை என்றது திரை. நாகேஸ்வரன் தட்டச்சு செய்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் விரலை நிறுத்திப் பார்த்துச் செய்தார். அனுப்பினார்.

காத்திருந்தார்கள். திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு ஊரில் இன்னொருவன் இதே பெயரை இதே நிமிஷத்தில் அடித்திருக்கலாம். சொரிமுத்து என்ற பெயர் யாருக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். எதிர்க்கடைக்கு வேண்டும். வேறு யாருக்கு.

பத்து ஐம்பத்தொன்பதுக்குப் பதில் வந்தது. பதிவாயிற்று. உரிமையாளர், உலகம்மாள்.

"வாசிச்சுச் சொல்லும்."

வாசித்தார். காலாவதி, 2002 ஜனவரி 7.

"இதுல தப்பு இல்லையே?"

"இல்லை."

லிபின் வாசலில் நின்றுகொண்டிருந்தான். "பன்னெண்டு மணிக்கு அவரு விளிப்பாரு. நான் என்ன பறைய?"

"ஒய்டூகேன்னு பறை," என்றாள் உலகம்மாள்.

லிபினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்காததைப் பார்த்து அடக்கிக்கொண்டு உள்ளே போனான்.

"அப்ப வந்தாச்சு," என்றாள்.

"வந்தாச்சு."

"ஜெர்மன்காரன் எழுதினது எங்க?"

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தார்.

"பேர் இல்லாம இருந்த நாள்ல வந்த மெயில் எல்லாம் அனுப்பினவாளுக்கே திரும்பிப் போயிருக்கும். அது இனிமே வராது."

"திரும்பிப் போவும்போது என்னன்னு சொல்லும் அவன்கிட்ட?"

"இப்படி ஒரு முகவரி இல்லைன்னு."

"கடையே இல்லன்னு."

"அந்த மாதிரிதான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே பம்பை பஸ் புறப்பட்டது. சரணம் விளித்தார்கள். அது ஓவர்பிரிட்ஜ் பக்கம் போய் அடங்கியது.

"எழுதும்," என்றாள். "நாங்க இருக்கோம். கடை தெறந்துதான் இருந்துது."

அவர் எழுதினார்.

"சுக்கு நல்லா வந்திருக்குன்னு எழுதும். போன தடவைய விட."

எழுதினார்.

"ஏன் ஒரு வாரம் ஆளக் காணோம்னு கேப்பாம்லா. அதையும் எழுதும்."

"என்னன்னு எழுதட்டும்?"

"உள்ளதை எழுதும்."

அவர் ஆரம்பித்தார். எங்கள் ஊரில் இரண்டு வருஷங்கள் நடக்கின்றன. அரைப் பக்கம் வந்தது. முதலிலிருந்து படித்துப் பார்த்தார். எல்லாவற்றையும் அழித்தார். தேதி எழுதியதில் நான் செய்த தவறு, மன்னிக்கவும் என்று ஒரு வரி போட்டார். கீழே அவள் பெயரைப் போட்டார். நான் என்ற சொல்லைப் பார்த்தார். நாங்கள் என்று மாற்றப்போனார். மாற்றவில்லை. தன் பெயரை எழுதி, பதிவு செய்தவர் என்று அடைப்புக்குள் போட்டார். அனுப்பினார்.

"அவன் எப்பப் பாப்பான்?"

"அங்கே இன்னும் விடியலை. நம்ம சாயங்காலத்துக்குள்ள பார்ப்பான்."

"பதில் வந்தா ஆளனுப்பும். வரலன்னாலும் ஆளனுப்பும்." அவள் எழுந்தாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது.

லிபின் வெளியே வந்தான். "திங்கக்கிழமை பேசலாம் சாரே," என்றான்.

"பேசலாம்."

"லைனைக் கொஞ்சம் விடுங்க. வெளியிலருந்து ஆரும் விளிக்க முடியாது."

"மெயில் வரதான்னு பார்த்துண்டிருக்கேன்," என்றார் நாகேஸ்வரன்.

லிபின் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டாக ஏழு நிமிஷம் இருந்தது. அறைக்குள் போய்ச் சங்கரநயினாரின் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாகேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்தார். இணைப்பு லைனைப் பிடித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு அடித்தது. டெலிபோன் அடிக்கவில்லை.